மாமாவின் எடை

சுனாமி வந்து நாலு வருஷம் கழித்து என் அக்கா புருஷனுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருந்தவர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கதிர்வீச்சு கொடுத்துக் கூட்டிவருவது என் வேலை. எங்கள் பக்கத்தில் அதைக் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். முதல் நாளே மாமா, “நடுவுல கரண்டு கட்டானா என்னா பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டார்.

திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். தொண்டை புண்ணாகிச் சாப்பாடு இறங்காமல் எடை குறைந்தால், மூக்கு வழியாக டியூப் போட்டுக் கஞ்சி ஊற்றுவோம் என்றார் டாக்டர்.

“மூக்குல டியூப்ப மாட்டினா மறுநாள்லேருந்து வர மாட்டேன், ஆமா,” என்றார் மாமா. சொன்னால் செய்கிற ஆள். பாதியில் நிறுத்தினால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் எடை ஏறியது! ஒரு கிலோ, அடுத்த வாரம் இன்னொரு கிலோ. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. “என்ன சாப்பிடறீங்க, இவங்களுக்கும் சொல்லுங்க,” என்று காத்திருந்தவர்களைக் காட்டினார். விடுவாரா மாமா? பெஞ்சில் ஏறாத குறையாக எறா குழம்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதே நோயோடு வந்துகொண்டிருந்த மேல்பட்டாம்பாக்கத்துப் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுத் தினமும் கஞ்சியோடு மல்லுக்கட்டினார். நான் அங்கிருந்தே அக்காவுக்கு போன் போட்டு, “மாமா தேறிட்டாரு,” என்றேன். வீட்டில் மாமா கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார். யாராவது பார்த்தால் இறங்காதாம். மடையன் நான், அதையும் நம்பினேன்.

நாலாவது திங்கள் எடை மெஷினில் கால் வைத்தார். டொக், டொக். கைலிக்குள்ளிருந்து ஈயக்குண்டு. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு! அண்ட்ராயர் பை கிழிந்து ஒவ்வொன்றாக விழுந்து ஹாலெங்கும் உருண்டது.

“எடை பாக்க வந்தீங்களா, வலை வீச வந்தீங்களா?” என்று நர்ஸம்மா கத்த, காத்திருந்தவர்களெல்லாம் குனிந்து பொறுக்க, ஒரே சிரிப்பு. நானும்தான் சிரித்தேன்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பொறுக்கிய குண்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவிடம் வந்தார்.

“அப்ப ஒங்களுக்கும் எறங்கலியா?”

மாமாவின் முகம் தொங்கிப்போனது. “இல்லண்ணே. கஞ்சி எறங்கி நாலு நாளாச்சு. எச்சி முழுங்கினாலே எரியுது.”

எனக்குச் சிரிப்பு நின்று அழுகை முட்டியது. டாக்டர் மறுபடி மெஷினில் ஏறச் சொன்னார். முள் நின்ற இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“எனக்கு மட்டும்தான் இப்புடின்னு நெனச்சு வெக்கப்பட்டுக் கெடந்தேன்யா,” என்றார் பெரியவர்.

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“மச்சான், ரெண்டு பேருக்குமே டியூப்ப மாட்டச் சொல்லு.”