தோப்பும்படிப் பாலத்தில் சாகாத எஞ்சின்

வருஷத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. யூதர்கள் இருந்த ஜூ டவுனில் மிளகு கிடங்கைக் காலி பண்ணி, பழைய கதவு ஜன்னல் விற்கும் கடை போட்டார்களே... எங்கள் சந்து முனையில் எஸ்டிடி பூத் வந்ததே... அந்த வருஷத்து மழைக்காலம்.

கருகிய நாற்றம்தான் முதலில் வந்தது. தோப்பும்படிப் பாலத்து ஏற்றம். நான் ஓட்டியது முதலாளியின் பழைய அம்பாசடர். எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. பின்சீட்டில் பிரசவ வலியோடு பக்கத்து வீட்டுச் செல்வி, அவள் மாமியார் மாரியம்மா. எர்ணாகுளத்துக்கு உடனே கொண்டுபோகச் சொல்லியிருந்தார் டாக்டர்.

வேறு வண்டி கிடைக்கவில்லை. பின்னாலேயே உருட்டி, பாலத்தடியில் ஜோசப் சேட்டன் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

சேட்டன் சக்கரத்துக்குக் கல் வைத்தார். "ஹேண்ட் பிரேக் இடு. டாப் கியர். கிளட்சை மெல்ல விடு."

கிளட்ச் பிடித்தால் எஞ்சின் அணைய வேண்டும். தகரக் கூரையில் மழை... அவர் கத்தினார்.

"ராசுவே, சத்தோ?"

"சாகல சேட்டா!"

மாரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அடப்பாவி! புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு என்ன பேச்சுடா?"

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "யாருண்ணே சாகணும்?"

"எஞ்சின் தாயி. அது செத்தாத்தான் நாம போகலாம்."

"வாயக் கழுவுடா!" என்றாள் மாரியம்மா.

சேட்டன் பெடலை விரலால் அமுக்கிப் பார்த்தார். கொஞ்சம்கூடத் தளர்வில்லை. கியர் விழவில்லை என்று முதலாளியின் தம்பி வண்டிக்கு அடியிலுள்ள கிளட்ச் நட்டை முறுக்கி வைத்திருந்தான். எந்நேரமும் கிளட்சில் பாதிக் கால் வைத்த மாதிரி... பிளேட் எப்படிப் பிடிக்கும்?

சேட்டன் சேற்றில் படுத்து உள்ளே நுழைந்தார். ஸ்பேனர் வழுக்குகிறது. பின்சீட்டில் முனகல் கூடுகிறது.

நட்டைத் தளர்த்தி வெளியே வந்தார். மறுபடி டாப் கியர். மெல்லக் காலை எடுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி... டக்.

நான் வாய் திறக்குமுன் செல்வி கத்தினாள். "செத்துருச்சு சேட்டா!"

சேட்டன் சிரிக்கவில்லை. "பிளேட் பாதி தீர்ந்நு. பாலத்தில நிறுத்தாதே. நின்னா பின்னே ஏறாது."

முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. உச்சி தாண்டி வண்டி தானாக இறங்கத் தொடங்கியபோதுதான் மூச்சு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை இப்போது களமசேரியில் வேலைக்குப் போகிறாள், சொந்தக் காரில். எட்டிப் பார்த்தேன், கிளட்ச் பெடலே இல்லை. நாற்றம் இல்லை, அலறல் இல்லை. நல்லதுதான்... ஆனாலும் என் இடது கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சேட்டன் போய்விட்டார். மாரியம்மாவும் போய்விட்டாள். காலையில் சாயாக் கடைக்கு நடக்கும்போது ஒரு வாசலிலிருந்து மட்டும் இன்றும் குரல் வரும்.

"ராசண்ணே, செத்துச்சா?"

"சாகல தாயி!"

அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரிந்து கேட்க இனி ஒருத்திதான் மிச்சம்... செல்வி.