உலை மூட்டாத நாள்

ஊர்க்காற்றை மேலே போய் அளக்கும் சின்ன விமானம் ஒன்றில் கருவி பார்ப்பவனாக இருந்தேன். சன்னலோரம் நீட்டிய குழாய் வெளிக்காற்றை உறிஞ்சும். அதில் எவ்வளவு புகைத்தூள் என்று திரையில் கோடு ஓடும். கோயம்புத்தூருக்கு ஒதுக்கிய நாட்கள் மழையில் வீணாகி, மிச்சம் ஒரே ஒரு பறப்பு.

அதை என்னைவிட அதிகம் எதிர்பார்த்தவர், இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரிகளுக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருந்த ஓர் அக்கா. கணவருக்கு இளைப்பு. படுத்தால் மூச்சு அடைக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார். அந்தத் தெருவைப் பார்த்து வரப் போன என்னிடம் அக்கா சொன்னார்: "மனு குடுத்துக் குடுத்துச் சலிச்சுப்போச்சுங்க. பொகையே இல்லீன்னு எழுதிப்போடறாங்க. நீங்க மேலிருந்து பாத்துச் சொன்னா நம்புவாங்கல்லங்க?" நம்புவார்கள் என்று வாக்குக் கொடுத்தேன்.

என் தாய்மாமாவுக்கும் அங்கே ஒரு பவுண்டரி உண்டு. முந்தின நாள் அவர் வீட்டில் சாப்பிடும்போது, நாளைக் காலை உங்கள் தலைக்கு மேல்தான் பறப்பேன் என்று பெருமையடித்தேன். என் ஓட்டை வாய் சும்மா இருந்ததே இல்லை.

மறுநாள் மூன்று சுற்று வந்தோம். வண்டிகள் நெரியும் அவிநாசி சாலைக்கு மேல் ஏறிய கோடு, பவுண்டரிகளுக்கு மேல் வந்ததும் படுத்துக்கொண்டது. கீழே பார்த்தேன். ஒன்று அணைந்தால் இன்னொன்று எரியும் இடம் அது. ஆயுத பூஜை தவிர எல்லா உலையும் சேர்ந்து ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அன்று ஒரு புகைக்கூண்டிலும் புகை இல்லை.

இறங்கியதும் மாமா போன் செய்தார். "ஏனுங்க மாப்ள, பிளேனு நல்லாப் போச்சுங்களா? ஊட்டு மாப்ள வாரப்ப மூஞ்சில பொகையடிக்கறதாங்க? பக்கத்துக்காரங்ககிட்டயும் சொல்லி, எல்லாரும் உலையை நாளைக்குத் தள்ளிப்போட்டோமுங்க!"

அவரிடம் சூது துளியும் இல்லை. விருந்தாளி வரும்போது வாசல் கூட்டுகிற மனசு. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். புகை இல்லையென்றே பதிவாகிவிட்டது, தப்பு என்மேல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினார். கணவர் பாயில் கால் நீட்டி, மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் படுத்தவருங்க, இன்னும் எந்திரிக்கலீங்க," என்று கிசுகிசுத்தார். "உங்க பிளேனு தெனமும் வருமுங்களா?"