சோடாவுக்கு வந்த மரியாதை

சோடா விற்கிறவன், விலை ஏறும் நாளில் மட்டும் அரசாங்கமாகிவிடுகிறான். அல்லைப்பிட்டியில் றோட்டோரம் கடை வைத்திருக்கிறேன். சீனி கூடிய பானங்களுக்கு வரியைக் கூட்டியது கொழும்பு. ஏச்சு வாங்கியது நான். எந்தச் சந்தியிலாவது கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சிலதைச் சொல்கிறேன்.

கந்தையரின் யோசனை

கந்தையர் வேலணையில் தோட்டம் செய்கிறவர். வெயிலில் சைக்கிள் மிதித்து வருவார். சோடாவை உடைக்கச் சொல்லி, அரைவாசி குடித்த பிறகுதான் விலை கேட்பார். அன்றும் அப்படித்தான். புது விலையைச் சொன்னேன். போத்தலைத் திருப்பிப் பார்த்தார். அதில் அடித்திருந்ததும் அதே விலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விலை குறையவில்லை.

"சீனி கூடவாம். அதுக்குத்தான் வரி," என்றேன். நானே குசினியில் காய்ச்சி ஊற்றுவதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப சீனியைக் குறையுமன் காணும். ஏன் விலையைக் கூட்டுறீர்?"

சந்தோசப்பட்ட ஒரே ஆள்

திரேசம்மாவின் புருசன் சூசை. கடற்தொழில். சீனி வருத்தம் முற்றி, போன வருசம் ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள். இனிப் புண் வந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சூசைக்கு அது காதில் ஏறவில்லை. கரைக்கு வந்ததும் நேரே என் கடைக்கு வந்து ஒரு சிவப்புச் சோடா குடிப்பான். தண்ணீர் குடியடா என்றால், "கடல்ல காய்ஞ்சு வந்தவனுக்குத் தண்ணியைக் காட்ட உங்களுக்கு மனம் வருதோ அண்ணை?" என்பான். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் கொடுப்பார்கள். திரேசம்மா என்னோடு பேசுவதையே விட்டிருந்தாள்.

வரி வந்தது. சூசை விலையைக் கேட்டான். என் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, ஏதோ நான் அடித்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனான். அடுத்த நாளும் தண்ணீர்தான். அந்தக் கிழமை திரேசம்மா சிரித்த முகத்தோடு கடைக்கு வந்தாள்.

"அண்ணை, இன்னும் கூட்டச் சொல்லுங்கோ. இந்த மனுசன்ரை கால் தப்பும்."

சாட்டிக்குப் போன வான்

ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டிக்குக் கடல் குளிக்கப் போகிறவர்கள் என் கடையில் நிற்பார்கள். முன்பெல்லாம் ஆளுக்கொரு போத்தல். இப்போது ஒரு வான் நிறையச் சனம் இறங்கி, ஒரு பெரிய போத்தலும் கட்டுக் கணக்கில் கப்பும் கேட்டது. ஊற்றியதும் நான். அளவு சரியில்லை என்று இரண்டு பெண்பிள்ளைகளுக்குள் சண்டை. தீர்த்ததும் நான். களைத்துப்போய்க் கதிரையில் இருந்தேன். தாய்க்காரி திரும்பி வந்தாள்.

"ஐயா, இன்னும் ரெண்டு கப் தாங்கோவன். அதுக்கு வரி இல்லைத்தானே?"

நோயாளி பார்க்கப் போனவர்

சோடாவை விட்டும் பழைய சீனி சூசையை விடவில்லை. காலில் சிப்பி வெட்டிப் புண் வந்தது. ஆசுப்பத்திரியில் வைத்துத் துப்புரவாக்கி, "வாயைக் கட்டினால் கால் மிஞ்சும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சனம் பார்க்கப் போகத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை.

கந்தையர் சூசையிடம்தான் மீன் வாங்குகிறவர். வந்து, பெரிய போத்தல் ஒன்று கேட்டார். அதுவும் சிவப்பு.

"அவனுக்குச் சீனி வருத்தம் காணும்," என்றேன்.

"தெரியும்."

"தோடம்பழம் கொண்டு போமன்."

என் விவரம் கெட்டத்தனத்துக்காக இரங்குகிறவர்போலத் தலையை ஆட்டினார்.

"இப்ப இதுதானே விலை கூடின சாமான். பழத்தோடை போய் நிண்டா என்னை ஆர் மதிப்பினம்?"

திரும்பி வந்த போத்தல்கள்

ஒரு பின்னேரம் திரேசம்மா உரப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உள்ளே எல்லாம் பெரிய போத்தல். மூடி திறக்கவில்லை. சூசையின் கண்ணில் படாமல் வலைக்குக் கீழே ஒளித்து வைத்தாளாம். அவன் மணம் பிடித்தவன்போல வலையைப் பார்த்துக்கொண்டே கிடந்தானாம்.

"வாறவைக்கு வேண்டாமெண்டு சொல்லன் பிள்ளை."

"சொன்னனான். கொண்டந்தது குறைவெண்டு நினைச்சு அடுத்த நாள் ரெண்டு கொண்டு வருகினம்."

விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று என் கடையில் போர்ட் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றபடி எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் அடுக்கினேன். விற்றால் காசு அவளுக்கு, ஆசுப்பத்திரிக்குப் போய்வர உதவும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எங்கடை வீட்டை வாறவைக்கு இதையே குடுங்கோ அண்ணை. நான் பின்னேரம் திருப்பிக் கொண்டு வாறன்."

சூசைக்குப் புண் காய்ந்து இரண்டு காலும் மிஞ்சின, அரசாங்கத்துக்கு ஒரு போத்தலுக்கு ஒருதரம் வரி போனது, அதே போத்தல் நோயாளி பார்த்துவிட்டு வரும் ஒவ்வொரு தரமும் தூசி தட்டுகிற வேலை எனக்கு வந்தது.