சிவப்பு முப்பத்தேழு

தட்டான்பூச்சி காதோரம் பறந்து திரும்பும்போது காய்ந்த தாள் உரசுவதுபோல ஒரு சத்தம் வரும். பத்து வயதில் நாரணாபுரம் ஊருணிக்கரையில் அந்தச் சத்தத்துக்கிடையே அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அமரும்போது இறக்கையை விரித்தே வைத்திருந்தால் தட்டான், மடக்கிக்கொண்டால் "ஊசித்தட்டான்", பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை இருந்தால் எங்கள் தெருவில் "புலியன்". பறப்பதை எண்ண மாட்டேன். ஒன்றையே இருமுறை எண்ணிவிடுவோமோ என்ற சந்தேகம் அன்றைக்கே உண்டு. நோட்டில் நிறமும் எண்ணிக்கையும் மட்டும் குறிப்பேன்: சிவப்பு 37, மஞ்சள் 11, பச்சை 4. தட்டான் என்று எழுதவில்லை, எனக்குத்தான் தெரியுமே.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் நிற மருந்து கலப்பவர். எதில் எத்தனை பங்கு என்பது அவருக்கும் ஃபோர்மேனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது, கேட்டில் நின்ற ஃபோர்மேன் என் நோட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"எங்க அளவையெல்லாம் வேற எந்தக் கம்பெனிக்குலே எழுதுறே?"

"ஊருணியில உள்ள தட்டான் சார்."

"எண்ணி லோடு ஏத்தப் போறியாக்கும்?"

அப்பாவை வரவழைத்தார். நோட்டைப் பார்த்த அப்பா, "இந்த அளவுல கலந்தா நெறமே வராது அண்ணாச்சி" என்றார்.

"வர்ற அளவையும் இவங்கிட்டச் சொல்லிட்டியோ?"

அப்பாவின் வேலை அந்த ஒரு பக்கத்தால் போய்விடும்போலிருந்தது. அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டு, ஃபோர்மேன் என்னை ஊருணிக்கு நடத்திப்போய்த் தாமே விரல் நீட்டி எண்ணினார். சிவப்பு இருபத்தொன்பது.

"மிச்சம் எட்டு எங்கலே?"

"பறந்திருச்சு சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நோட்டைத் தரவில்லை. அப்பாவை மருந்து கலப்பதிலிருந்து எடுத்து, காகிதக் குழாய் ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார். அன்று வீடு திரும்பும் வழியில் அப்பா கேட்டார்: "நெசமாச் சொல்லு. யாருக்குக் குடுக்க எழுதுனே?"

"பூச்சிதாம்ப்பா."

அவர் தலையசைத்தார். ஆனால் அதற்குப் பிறகு கம்பெனிப் பேச்சு வந்தால், நான் அந்த இடத்தைவிட்டு நகரும்வரை நிறுத்திக்கொள்வார்.

இப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. போன வாரம் அந்தக் கரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். தண்ணீர் கால்வாசி, மறுகரை முழுக்க வீட்டுமனைக் கற்கள். சிவப்பு இரண்டு, "புலியன்" ஒன்று. கண்தான் மங்கிவிட்டதோ என்று மூன்று முறை எண்ணினேன். அப்பா போய் இருபத்தாறு வருடங்கள். அவருக்கு நடக்க முடிந்த காலத்தில் ஊருணி நிறையத் தட்டான் இருந்தது. ஒரு காலை அவரை அங்கே கூட்டிப்போய் எண்ணச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.