மாமன் மடி காத்திருந்தது

நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. வரப்புத் தகராறில் ஒருவரை அடித்துச் சிறைக்குப் போன என் அண்ணன் சேகர், போன வைகாசியில் எங்கள் திருத்தணி வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

2. தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை கேட்ட இடமெல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள்.

3. ஆவணியில் என் மகளுக்கு மலைமேல் மொட்டையும் காதுகுத்தும் குறித்தோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் இரண்டும் செய்வோம். அந்த ஒரு நாளுக்காக அண்ணன் புது வேட்டி எடுத்து வைத்திருந்தான்.

4. முந்தின நாள் என் மாமனார் வந்தார். "ஜெயிலுக்குப் போனவன் மடி வேணாம்மா. உங்க பெரியப்பா மவனை உக்கார வை" என்றார். கதவுக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தான்.

5. பொழுது சாய்வதற்குள் அவனைக் காணோம். போனைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். அரக்கோணத்தில் மோட்டார் பழுது பார்க்கிறேன். எது நின்றாலும் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துவிடுவேன். அன்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றேன். கணவரும் மாமனாரும் தண்டவாளம் ஓரமாகவே தேடிப் போனார்கள். வெறுங்கையோடு திரும்பிய மாமனார் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நான்தாம்மா..." என்றார்.

முருகன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். "விசேஷம் நின்னாலும் நிக்கட்டும். என் அண்ணனை உயிரோட குடு." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

விடிந்ததும் கணவர் சொன்னார்: "மலைக்குப் போலாம். கேக்கறதுக்கு நமக்கு வேற எடம் ஏது?"

மொட்டை போடும் மண்டபத்தில், தூணோரமாக, மழித்த தலையோடு ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். என் மகள்தான் முதலில் பார்த்தாள். "மாமா!"

"தண்டவாளம் வரைக்கும் போய்ட்டேன், கல்பனா. பாப்பாவ மொட்டத் தலையோட ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு தோணிச்சு" என்றான்.

பாப்பாவைப் பார்க்கும் அந்த நினைப்பை அவனுக்குக் கொடுத்தது முருகன்தான் என்று எனக்குத் தெரியும்.

மாமனார் நேராக அவனிடம் போனார். "இன்னாப்பா, பாப்பாவுக்கு முன்னாடி நீ மொட்ட அடிச்சிகினா எப்டி? ஒழுங்கா உக்காரு. மடியக் காட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

காது குத்தும்போது குழந்தையைவிட அண்ணன்தான் அதிகம் அழுதான்.

சிறைக்குப் போய் வந்தவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் கைவிடாதீர்கள். தணிகை வேலனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவன் கேட்பான்.

இன்றைய நிலை இது. ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் கூடத்தில் அண்ணனுக்கு வாரத்தில் சில நாள் வேலை. தெருவில் பாதிப் பேர் இன்னும் பேசுவதில்லை. கிருத்திகைதோறும் அவனும் மாமனாரும் சேர்ந்தே படியேறுகிறார்கள். வேலை முடிந்து சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு வந்துவிடுகிறான்.