பன்னிரண்டாவது பெயர்

போதை மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தெரிவு செய்ய இன்று முறை இருக்கிறது. பதிவுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். வைத்தியர் எப்போதெல்லாம் வருகிறார் என்று கேட்க வேண்டும். சேர்பவரின் சம்மதக் கையொப்பத்தை வாங்க வேண்டும். இந்தப் படிவங்களைச் சரிபார்த்தே ஓய்வூதியம் வரை வந்தவள் நான். எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் நடந்த தெரிவுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அப்பாவின் சந்தேகமும் அம்மாவின் பயமும் என் கைவிரல்களும் போதுமாயிருந்தன.

சேர்க்கப்பட வேண்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கொழும்பில் கடை வேலைக்குப் போனவர், குடு என்று சொல்லப்படும் ஹெரோயினைப் பழகிக்கொண்டு இரத்தினபுரிப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார். லயத்து வீடுகளில் காணாமல் போன பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் அவர் கணக்கில் ஏறின. பாதியை அவர் எடுக்கவில்லை.

இரண்டு இடங்கள் இருப்பதாகத் தெரிந்தது. ஒன்று கொழும்பு வீதியில், உயர்ந்த மதிலுக்குள். மற்றது கேகாலைக்கு அப்பால், கைவிடப்பட்ட ஒரு றப்பர் தோட்டத்துப் பங்களா. முதலில் மாமாவையும் கூட்டிக்கொண்டு பங்களாவைப் பார்க்கப் போனோம்.

நடுப்பகல். ஆனால் றப்பர் மரங்களுக்கடியில் வெளிச்சம் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கேட் திறந்தே கிடந்தது. வாங்குகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார்கள். பிறகு ஒரே நேரத்தில் குனிந்துகொண்டார்கள். நிலையத்தை நடத்திய சிங்களப் பெரியவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, தொங்கிய இரும்புத் துண்டைத் தட்டினார். ஆண்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதே அவர் தொழில். நானும் அவர் மகள் என்பதால் எண்ணத் தொடங்கினேன். பத்து விரலும் போய், ஒரு கால்விரலையும் மடக்கினேன். பதினொரு பேர். ஏழாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவே ஒருவர் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்துத் தரை மட்டும் அப்போதுதான் கழுவியதுபோல் இருந்தது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒருவன், ஆமாம் என்பதற்குச் சிங்களத்தில், "ஓவ்" என்றான். ஏழு பெயர் முடிந்தது.

"குணதாச" என்றார் பெரியவர்.

"ஓவ்" என்று ஒரு குரல் வந்தது. தாழ்ந்த, களைத்த குரல். வெற்றிடத்தின் பக்கமிருந்துதான் வந்தது. யாருடைய உதடும் அசைந்ததாகத் தெரியவில்லை. பெரியவர் கொப்பியில் அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நான் அப்பாவின் காதில் சொன்னேன்: "அப்பா, ஆளு பதினொன்னு. பேரு பன்னெண்டு."

"என் மகளாச்சே!" என்றார் அப்பா. "இல்லாத ஆளுக்குப் பேரு போடுறானுங்க. இந்தக் களவ எத்தன பாத்திருக்கேன்! கேட்டுக்குப் பூட்டும் இல்ல, பாத்தியா?"

"களவு இல்லீங்க," என்றாள் அம்மா. அவள் தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். "அந்த எடத்துல என்னமோ நிக்குது. என் தம்பிய இங்க விடமாட்டேன்."

கல்யாண வாழ்க்கையில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விடயம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த வாரமே மாமா மதிலுக்குள் போனார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

நாலு மாதத்தில் அவர் குடுவை விட்டு வந்தார். ஆனால் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். உள்ளே வா என்று யாராவது சொல்ல வேண்டும். சோற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். சாப்பிடு என்று சொல்ல வேண்டும். ஒருநாள் யாரும் சொல்லாமலே வெளியே போனார். திரும்பவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு பரிசோதனை உத்தியோகத்தராக அந்தப் பங்களாவுக்குப் போனபோது, மிகவும் முதிர்ந்திருந்த அதே பெரியவரிடம் குணதாசவைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். சுகமாகி வீட்டுக்குப் போனவனாம். மறுபடி பழக்கத்தில் விழுந்து ஒரு மழை நாள் மாலையில் திரும்பி வந்திருக்கிறான். விதிப்படி கேட் பூட்டியிருந்தது. காலையில் கேட்டுக்கு வெளியே செத்துக் கிடந்தான். அன்று பூட்டைக் கழற்றி ஆற்றில் எறிந்தார்களாம். பெயரை வெட்டவில்லை. அவனுக்காக ஒருவர் மாற்றி ஒருவர் தலைகுனிந்து குரல் கொடுத்தார்கள். போனவன் எவனும் திரும்பி வரலாம், அவனுக்கு இங்கே இடம் இருக்கிறது என்பதை ஒவ்வொருவனும் நாள்தோறும் காதால் கேட்க வேண்டுமாம். என் படிவத்தில் இதை எழுத இடமில்லை. 'பதிவேட்டில் ஒருவர் அதிகம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

பங்களாவிலிருந்து திரும்பிய அன்று பஸ்ஸில் நான் மாமாவின் பக்கத்தில் இருந்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"மருமவளே, அங்க இல்லாத ஆளுக்கும் பேரு கூப்புட்டாங்கல்ல?"

"ஆமா மாமா."

"யாரோ ஓவுன்னும் சொன்னாங்கல்ல?"

அவர் என் கையைப் பற்றினார். பாவம், நன்றாகப் பயந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க மாமா. ஒங்கள அங்க விடமாட்டோம்னு அப்பா சொல்லிட்டாரு."

மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெரிய மனிதருக்கே தைரியம் சொல்லிவிட்ட பெருமையோடு நான் கடலையைக் கொறித்துக்கொண்டு வந்தேன்.