இருந்து படிக்கிற பிள்ளைக்கு என்ன களைப்பு

உடுவிலில் நான் சீனமொழி படிப்பிக்கும் ரியூட்டரி ஒரு தகரக் கொட்டில். பின்னேரத்தில் உள்ளே போனால் வேர்வையும் பழைய சொக்ஸும் கலந்த வாடை முகத்தில் அடிக்கும். வாசலில், சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளின் படங்களோடு ஒரு பெரிய பனர். அதில் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

சீனம் இந்தப் பிள்ளைகளுக்குச் சோதனைப் பாடமல்ல. யாரோ ஒருவரின் மகளுக்குச் சீனாவில் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டதாம். அவ்வளவுதான், ஊரே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

அன்று ஒரு மரபுத்தொடர் எடுத்தேன்: 'ஜின் பீ லி ஜின்'. தசைநார் களைத்தது, பலம் தீர்ந்தது என்று பொருள். நாள் முழுக்கத் தோட்டம் கொத்தியவர், வலை இழுத்தவர், உடம்பில் இனி ஒன்றுமில்லை என்று விழும்போது சொல்வது, சும்மா அலுப்புக்குச் சொல்வதில்லை என்று விளக்கினேன். இரண்டாம் எழுத்தின் ஒலிக்கு எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சிரிக்கும். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. முன்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு விடிய ஒரு கணக்கு வகுப்பு, பிறகு பள்ளிக்கூடம், பிறகு அதே கணக்குக்கு இன்னோர் ஆளிடம் இன்னொரு வகுப்பு, கடைசியில் நான். ஒரே பாடத்தை இரண்டு பேரிடம் படிப்பித்தால்தான் எங்கள் பெற்றோருக்கு நித்திரை வரும். பிள்ளைக்கு நித்திரை எப்போது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தத் தொடரை வைத்து வசனம் எழுதச் சொன்னேன். அவள் எழுதியிருந்தாள்: "நான் ஜின் பீ லி ஜின் இல்லை. நான் வாங்கில் இருந்துதான் படிக்கிறேன்."

"ஏன் பிள்ளை இப்பிடி எழுதினனீர்?"

"இருந்து படிக்கிறதுக்கு என்ன களைப்பெண்டு அம்மா கேக்கிறவ, ரீச்சர்."

சொல்லிவிட்டுத் தலையை மேசையில் வைத்தவள் அப்படியே நித்திரையாகிவிட்டாள். நான் எழுப்பவில்லை.

வகுப்பு முடிய ஸ்கூட்டியில் வந்த தாய் அதைக் கண்டதும் தொடையில் நுள்ளி எழுப்பினார். வாயில் எச்சில் வழிய, கண்ணைத் திறக்காமலே பிள்ளை கொப்பியைத் தேடியது. தாயைப் பார்க்க எனக்கு அருவருத்துப் போய்விட்டது.

"பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. என்ரை வகுப்பையெண்டாலும் நிப்பாட்டுங்கோ. அந்த நேரம் படுக்கட்டும்" என்றேன்.

"ஓம் ரீச்சர்" என்று பணிவாகத் தலையாட்டினார்.

அடுத்த கிழமை அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. இந்நேரம் வீட்டில் படுத்திருப்பாள் என்று நினைக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பிள்ளையையாவது காப்பாற்றிவிட்டேனே என்று பெருமை வேறு.

பிறகு ஒருநாள் விடியற்காலை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். சந்தியில் புதிதாகத் திறந்த ரியூட்டரி வாசலில் அதே ஸ்கூட்டி. தாயின் முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடியபடி அவள் பின்னால் இருந்தாள்.

"நீங்கள் சொன்னது சரி, ரீச்சர்" என்று தாய் குழைந்தார். "உங்கடை வகுப்பு பின்னேரமெண்டபடியால்தான் இவளுக்கு நித்திரை வந்தது. இஞ்சை சீனத்துக்கு வாற சேர் கணக்கு வகுப்புக்கும் முந்தியே துவங்கிறார். வாங்கிலை ஒருத்தரையும் இருக்க விடமாட்டார். முழு நேரமும் நிண்டுகொண்டுதான் படிக்கவேணும்."